அர்த்தமில்லாத பாட்டைப் பிடிப்பது எப்படி? வடசென்னைத் தெருக்களில் குழந்தைப் பாட்டு சேர்க்க, சொல்லிக்கொடுக்க, புதிதாகக் கட்ட ஒரு முழுமையான வழிகாட்டி

'குட்டி யானைக்குக் கொம்பு முளைச்சுதாம், பட்டணமெல்லாம் பறந்தோடிப் போச்சுதாம்.' யானைக்குக் கொம்பு முளைத்தால் பட்டணம் ஏன் பறக்க வேண்டும் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை. கேட்பதெல்லாம் பெரியவர்கள். கேட்கத் தொடங்கிய அன்றைக்கே பாட்டும் அவர்கள் வாயை விட்டுப் போய்விடுகிறது.

இந்த வழிகாட்டி அந்தப் பெரியவர்களுக்கு. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் மாலையில் டியூஷன் எடுப்பவர்கள், அங்கன்வாடியில் வேலை செய்பவர்கள், பேரப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு "என்னமோ பாடுவாங்களே, வாயில வரமாட்டேங்குதே" என்று நெற்றியைத் தேய்த்துக்கொள்பவர்கள் எல்லாருக்கும் உதவும். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாட்டின் சொற்களை மட்டும் எழுதி எடுத்தால் கிடைப்பது பாதிதான். கை எங்கே போனது, யார் மடியில் யார், எந்தச் சொல்லில் ஓட வேண்டும், எங்கே கிச்சுகிச்சு மூட்ட வேண்டும் என்பதுதான் மீதி. இந்த மீதியைத்தான் எழுதுகிறவர்கள் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

முதல் வேலை: ஆளையும் நேரத்தையும் பிடிப்பது

"ஆயா, பழைய பாட்டு ஏதாவது பாடுங்க" என்று போனைத் தூக்கிக்கொண்டு நின்றால், சினிமாப் பாட்டு வரும், இல்லாவிட்டால் மாரியம்மன் பாட்டு வரும். குழந்தைப் பாட்டை யாரும் 'பாட்டு' என்ற கணக்கில் வைத்துக்கொள்வதில்லை. அதனால் விளையாட்டைக் கேளுங்கள். "பருப்பு கடையறது எப்படி ஆயா? கடைசியில கையில என்ன ஊரும்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சின்னக் குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஆயா உங்களைப் பார்த்துப் பாட மாட்டார், குழந்தையின் கையைப் பிடித்ததும் தானாக வரும்.

மீன்பிடிப் பகுதியில் நேரம் முக்கியம். விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் நடக்கும்போது யாரிடமும் பேச்சுக் கொடுக்க முடியாது. மீன் விற்கப் போகும் பெண்கள் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, வாசற்படியில் காலை நீட்டும் மதியம்தான் சரி. இதைவிட நல்ல காலம் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், பள்ளிக்கூடமும் மே மாதம் விடுமுறை. தாத்தா, அப்பா, மாமா எல்லாரும் தெருவில் இருப்பார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் என்பதால் பேச்சு சில நேரம் கசப்பாகவும் போகும், அதையும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். பாட்டு வாங்க வந்தவர் பாட்டை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்புவது மரியாதை இல்லை.

இன்னொன்று, "உங்க ஊரு எது?" என்று தவறாமல் கேளுங்கள். பெரம்பூர் பின்னி மில் ஓடிய காலத்தில் வேலைக்கு வந்து தங்கிய குடும்பங்கள், பர்மாவிலிருந்து திரும்பியவர்கள், வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள், உருது பேசுபவர்கள் என்று ஒரே சந்தில் நாலு விதமான 'கண்ணாமூச்சி' இருக்கும். சரியானது எது என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள். நாலும் சரி.

பதிவு செய்வது

போன் போதும். ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, பாடுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் வையுங்கள். முகத்தை எடுக்காமல் கையை மட்டும் வீடியோ எடுத்தால் இரண்டு நன்மை. பாடுபவருக்குக் கூச்சம் போகும், உங்களுக்கு விளையாட்டு கிடைக்கும். கேட்காமல் எடுக்கக் கூடாது. குழந்தையின் பெயர், பள்ளி, வீட்டு அடையாளம் எதையும் குறிப்பில் ஏற்றக் கூடாது.

ஒரே பாட்டைக் கொஞ்சம் இடைவெளி விட்டு மூன்று தடவை பாடச் சொல்லுங்கள். மூன்றும் ஒன்றாக இருக்காது. மாறாமல் நிற்கும் வரிதான் பாட்டின் முதுகெலும்பு, மாறுகிற வரி அன்றன்றைக்குப் போட்டுக்கொள்ளும் சட்டை. எழுதும்போது 'ஊத்தி' என்றால் ஊத்தி, 'வந்துகினு' என்றால் வந்துகினு. 'ஊற்றி', 'வந்துகொண்டு' என்று திருத்தினால் தாளம் அங்கேயே படுத்துவிடும். 'ஒரு குடம் தண்ணி ஊத்தி ஒரு பூ பூத்துச்சாம்' என்பதை நல்ல தமிழில் எழுதி, பிறகு இரண்டு பிள்ளைகள் கையைத் தூக்கி வளைவு கட்டி நிற்க, மற்றவர்கள் அதற்குள் புகுந்து ஓட முயன்று பாருங்கள். கால் தட்டுப்படும்.

வகை பிரிப்பது: பாட்டு எதைப் பற்றியது என்று பார்க்காதீர்கள்

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். விலங்குப் பாட்டு, இயற்கைப் பாட்டு, உணவுப் பாட்டு என்று பிரித்தால் அழகாகத்தான் இருக்கும், எதற்கும் உதவாது. உடம்பு என்ன செய்கிறது என்பதை வைத்துப் பிரியுங்கள்.

நம் புலவர்கள் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழின் 10 பருவங்களில் பலவற்றைக் குழந்தையின் உடம்பை வைத்தே வகுத்திருக்கிறார்கள். 5ஆம் மாதம் தலை நிமிர்த்தி அசைவது செங்கீரை, 9ஆம் மாதம் கை கொட்டுவது சப்பாணி, பிறகு முத்தம், தளர்நடை போட்டு வருவது வருகை, நிலாவைக் கூப்பிடுவது அம்புலி. 'சாய்ந்தாடம்மா சாய்ந்தாடு, சாயக்கிளியே சாய்ந்தாடு' மடியில் உட்கார்ந்து ஆடப் பழகும் பிள்ளைக்கு. 'கைவீசம்மா கைவீசு, கடைக்குப் போகலாம் கைவீசு' கைக்கு. 'நிலா நிலா ஓடி வா, நில்லாமல் ஓடி வா' சோறு ஊட்ட. மொட்டை மாடியோ, பீச் ரோட்டு ஓரமோ, நிலா தெரிகிற இடமாக இருந்தால் சரி.

உள்ளங்கை விளையாட்டை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். பருப்பு கடைவதற்குக் குழந்தையின் கையை மல்லாத்திப் பிடிக்க வேண்டும். உங்கள் முழங்கையை அதன் நடுவில் ஊன்றி, மத்தால் கடைவதுபோல் சுற்ற வேண்டும். 'பருப்பு கடை, பருப்பு கடை.' பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கி, அம்மாவுக்குக் கொஞ்சம், அப்பாவுக்குக் கொஞ்சம், ஆயாவுக்குக் கொஞ்சம் என்று பங்கு. கடைசி விரல் பாப்பாவுக்கு. அதன்பின் கையைக் கழுவுவது மாதிரி ஒரு துடைப்பு. இதுவரை எல்லாம் வீட்டு நடப்பு, ஒழுங்கான கணக்கு. அப்புறம் திடீரென்று 'நண்டு ஊருது, நரி ஊருது' என்று இரண்டு விரல்கள் மணிக்கட்டிலிருந்து மேலே ஏறத் தொடங்கும். பருப்புக்கும் நண்டுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அக்குள் வரும் முன்பே குழந்தை சிரித்துத் துடிக்கும். இரண்டாம் தடவை நண்டு ஊரும்போது ஒரு நிமிடம் நடுவழியில் நிறுத்திப் பாருங்கள், அந்தக் காத்திருப்பில்தான் விளையாட்டே இருக்கிறது. எழுதும்போது 'இங்கே நிறுத்து' என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எண்ணிப் பிடிக்கும் பாட்டு இன்னொரு வகை. யார் 'அவுட்டு' என்று தீர்மானிக்க ஆளாளாகத் தொட்டு எண்ணுவது. 'இங்கி பிங்கி பாங்கி, ஃபாதர் ஹாட் எ டாங்கி' என்று இங்கிலீஷ் தெரியாத பிள்ளையும் கணீரென்று சொல்லும். 'அத்திலி பித்திலி மக்கான் சுக்கான்' என்பதற்குப் பொருள் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வகைக்குப் பொருள் இருந்தால்தான் தொந்தரவு. பொருள் இருந்தால் சண்டை வரும், 'கழுதை' என்ற சொல் தன் மேல் விழுந்ததா என்று அழுகை வரும். வெறும் ஓசையோடு யாரும் சண்டை போட முடியாது.

ஆனால் நாலைந்து தடவை விளையாடிய சூட்டிகையான பிள்ளை இதற்குள் இருக்கும் கணக்கைக் கண்டுபிடித்துவிடும். 16 தட்டு உள்ள பாட்டை 5 பேர் வட்டத்தில் தன்னிலிருந்து தொடங்கினால் கடைசித் தட்டு தன் மேலேயே விழும். 6 பேர் என்றால் நாலாவது ஆள், 7 பேர் என்றால் இரண்டாவது ஆள். மீதி வைத்து வகுத்தல் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் கொட்டாவி விடும் பிள்ளைகள் இதை விரலில் போட்டுக் காட்டுகிறார்கள். இந்த ஏமாற்றுக்கு இடம் கொடுக்காமல் இருக்கத்தான் 'சாட் பூட் த்ரீ' இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் கையை மல்லாத்தியோ குப்புறவோ போட வேண்டும், தனித்து நிற்பவர் தப்பித்தார். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினால், ஏற்கெனவே தப்பித்த ஒருவர் துணைக்கு வந்து கை போடுவார்.

வட்டப் பாட்டும் எதிரணிப் பாட்டும் எல்லாருக்கும் தெரிந்தவை. 'குலை குலையா முந்திரிக்கா, நரியே நரியே சுத்தி வா', 'பூப்பறிக்க வருகிறோம்' இவற்றுக்கு இடம் வேண்டும், சந்தில் பைக் வராத நேரம் பார்த்து விளையாட வேண்டும், அவ்வளவுதான்.

நாக்குப் பாட்டு பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'யாரு தச்ச சட்டை, எங்க தாத்தா தச்ச சட்டை', 'கடலோரத்துல உரல் உருளுது', 'ஓடுற நரியில ஒரு நரி சிறுநரி' இவையெல்லாம் உச்சரிப்பு வகுப்புக்கு என்று பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டன. நம் பக்கத்தில் பழம் 'பயம்' ஆகும், இழுத்து 'இஸ்து' ஆகும். அதைச் சுட்டிக்காட்டி ஒரு பிள்ளையை எழுந்து நிற்க வைத்து 'ழ' சொல்லச் சொன்னால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு வகுப்பில் வாயைத் திறக்காது. எல்லாரும் சேர்ந்து வேகமாகச் சொல்லி, எல்லாரும் சேர்ந்து உளறி, எல்லாரும் சேர்ந்து சிரிக்க வேண்டும். டீச்சரும் உளற வேண்டும். நாக்கு தானாகப் பழகும், பழகாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

கேலிப் பாட்டு: எதை விடுவது

மொட்டை அடித்தவரை, குண்டானவரை, கறுப்பானவரை, கால் சாய்த்து நடப்பவரை, ஒரு சாதிக்காரரை இழுத்துப் பாடும் பாட்டுகள் நிறைய கிடைக்கும். தாளம் பிரமாதமாக இருக்கும், அதுதான் சங்கடம். உங்கள் நோட்டில் எழுதி வையுங்கள், அது நடந்த கதை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டாம். தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிடலாம். 'மழை வருது மழை வருது நெல்லு அள்ளுங்கோ' பாட்டில் 'சும்மா இருக்கிற மாமாவுக்கு சூடு வையுங்கோ' என்று வருகிறதே, அந்தக் கேலியில் யாருக்கும் காயமில்லை. அதே பாட்டின் 'ஏர் ஓட்டுற மாமா' இந்தத் தெருக்களில் 'ஆட்டோ ஓட்டுற மாமா' ஆகிவிடுவதும் இயல்பு. ஏர் பார்க்காத பிள்ளை வேறென்ன செய்யும்?

சொல்லிக்கொடுப்பது

இது சின்னப் பகுதி, ஏனென்றால் அதிகம் செய்யக் கூடாது. விளக்கம் சொல்லாதீர்கள். மனப்பாடம் கேட்காதீர்கள். முதலில் கை, பிறகு ஓசை, சொல் கடைசியில். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும், பிள்ளைகள் 'இன்னொரு தடவை' என்று கத்திக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். திரையில் ஓடும் பொம்மைப் படப் பாட்டோடு போட்டி போடாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். ஆனால் போனால் கிச்சுகிச்சு மூட்ட முடியாது.

புதிதாகக் கட்டுவது

பழையதைச் சேர்ப்பதோடு நின்றுவிட்டால் அது அருங்காட்சியகம். பிள்ளைகளோடு உட்கார்ந்து புதிதாகக் கட்டுங்கள். மூன்று வழி சொல்கிறேன், சுலபமானதிலிருந்து.

முதல் வழி, பழைய பாட்டின் எலும்புக்கூட்டில் நம் தெருவை ஏற்றுவது. யானைப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

ஆனை ஆனை அழகர் ஆனை
அழகரும் சொக்கரும் ஏறும் ஆனை
கட்டுக் கரும்பை முறிக்கும் ஆனை
காவேரித் தண்ணியைக் கலக்கும் ஆனை
குட்டி யானைக்குக் கொம்பு முளைச்சுதாம்
பட்டணமெல்லாம் பறந்தோடிப் போச்சுதாம்

நாலு அடி ஒழுங்கான யானை. கோயில், கரும்பு, ஆறு எல்லாம் கண்ணால் பார்த்தது. ஐந்தாவது அடியில் 'ஆம்' என்று ஒரு வதந்தி நுழைகிறது, ஆறாவது அடியில் ஊரே எழுந்து போய்விடுகிறது. முதல் அடியிலேயே பட்டணத்தைப் பறக்கவிட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள். உளறலுக்கு முன்னால் நாலு அடி உண்மை வேண்டும். எங்கள் மாடி வகுப்பில் யானைக்குப் பதிலாக எல்லாருக்கும் தெரிந்த பெரிய உருவம் ஒன்று வேண்டும் என்றபோது, கேட்ட மாத்திரத்தில் வந்த பதில் தண்ணி லாரி:

லாரி லாரி தண்ணி லாரி
குடமும் பக்கெட்டும் கும்பிடும் லாரி
சந்துக்குள்ள திரும்பாத லாரி
சண்டை மூட்டிச் சிரிக்கும் லாரி
குட்டி லாரிக்குக் கொம்பு முளைச்சுதாம்
கொருக்குப்பேட்டை பறந்தோடிப் போச்சுதாம்

இரண்டாவது வழி, அந்தாதி. ஒரு அடி எங்கே முடிகிறதோ அங்கே அடுத்த அடியைத் தொடங்குவது. வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு அடி. முதல் அடியை மட்டும் நீங்கள் கொடுங்கள், அதில் ஊர்ப் பெயரும் மீன் பெயரும் இருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள்:

காசிமேட்டுல கானாங்கெளுத்தி
கெளுத்தி வாங்கக் கூடையில்ல
கூடை பின்ன ஓலையில்ல
ஓலை வெட்ட ஏணியில்ல
ஏணி கேட்டா எறும்பு கடிச்சுது
எறும்பு போச்சு எண்ணூருக்கு
எண்ணூர் பஸ்ஸுல எடமேயில்ல
எடம் குடுத்துது எறா ஒண்ணு
எறாவுக்கு மட்டும் அரை டிக்கெட்டு!

இதில் ஐந்தாவது அடி முதலில் 'ஏணி எடுக்கப் போனப்போ எறும்பு வந்து கடிச்சிடுச்சு' என்றுதான் வந்தது. பொருள் சரி, தட்டு சரியில்லை. ஜியாமெட்ரி பாக்ஸ் மேல் ஸ்கேலால் தட்டிக்கொண்டிருந்த பையன் கை நின்றுவிட்டது, எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள், ஆளுக்கு ஒரு சொல்லாக வெட்டினார்கள். இதுதான் சோதனை. கானா பாடும் அண்ணன்களுக்கு டேபிளில் தட்டும் விரல் எப்படியோ, உங்களுக்கு அந்த ஸ்கேல். பொருள் எவ்வளவு வேண்டுமானாலும் தடம் புரளலாம், தாளம் ஒரு இடத்திலும் புரளக் கூடாது. மோனையைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டாம். ஏணி, எறும்பு, எண்ணூர், எடம், எறா என்று அவர்களே அடுக்கிவிட்டார்கள், பெயர் பிறகு தெரிந்தால் போதும்.

மூன்றாவது வழி கொஞ்சம் கஷ்டம். சுத்தமான ஓசை, அதாவது எண்ணிப் பிடிக்கும் பாட்டு. அடிக்கு 4 தட்டு, 4 அடி. பாதி உண்மையான சொல், பாதி அதன் எதிரொலி. 'பாட்டு கீட்டு', 'மீனு கீனு' என்று வீட்டில் பேசுகிறோமே, அதை இன்னும் கொஞ்சம் அவிழ்த்துவிட வேண்டும்:

அண்டா குண்டா அலுமினி குண்டா
மிண்டு தெரு மிட்டாய் வண்டா
சங்கரா சுங்கரா வஞ்சிரம் டிங்கரா
டப்பு டிப்பு டுப்பு அவுட்டு!

'டிங்கரா' என்றால் என்ன என்று பெற்றோர் யாராவது கேட்டால், பிள்ளைகளிடமே கேட்கச் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு பதில் வரும்.

புத்தகமாக்குவது

A4 தாள் நாலை நடுவில் மடித்தால் 16 பக்கம். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். ஜெராக்ஸ் கடைச் செலவு மட்டும். பக்கத்துக்கு ஒரு பாட்டு, மேல் பாதியில் சொற்கள், கீழ்ப் பாதியில் கை என்ன செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் வரைந்த படம். ஓரத்தில் இது எந்தப் பேட்டையில் கேட்டது, பாடியவரின் பூர்வீகம் எது என்று ஒரு வரி.

பதிப்பிக்கும் முன் ஒரு பொறுப்பு இருக்கிறது. எல்லாரும் பாடுவதால் எல்லாமே நாட்டுப்புறப் பாட்டு ஆகிவிடாது. 'மாம்பழமாம் மாம்பழம்' அழ. வள்ளியப்பா (1922–1989) எழுதியது. 'தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு' கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை (1876–1954) எழுதியது. பாட்டி பாடினார் என்பதற்காக இவற்றை 'மரபுப் பாடல்' என்று போடக் கூடாது, எழுதியவர் பெயரைப் போட வேண்டும். வள்ளியப்பா பாட்டுக்கு இன்னும் பதிப்புரிமைக் கேள்வி வரலாம் என்பதால், வீட்டில் பாடுவதோடு நிறுத்தி, உங்கள் புத்தகத்தில் தெருவில் கிடைத்ததையும் பிள்ளைகள் கட்டியதையும் மட்டும் சேர்ப்பது நிம்மதி.

முதல் பிரதிகள் பாடிக்கொடுத்தவர்களுக்கு. கையில் வாங்கியதும் பலர் "இது இப்படி இல்லையேம்மா, எங்க ஊர்ல வேற மாதிரி" என்று ஆரம்பிப்பார்கள். அதற்காகவே கடைசி இரண்டு பக்கத்தைக் காலியாக விட்டு, ஒரு பேனாவும் கொண்டுபோங்கள்.